பாதி வழியில் இறங்கிவிட்ட வீடு

தெம்பே ஏரிக்கரை,
சுலவேசி.

அன்புத் தம்பி மப்பியாசேக்கு, அண்ணன் லா தாஹங் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கடல் தாண்டித் தவாவில் இருக்கும் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நல்ல உடம்போடும் குறையாத பசியோடும் இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும்.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்துகள் கொழுத்திருக்கும், சில நோஞ்சானாக நிற்கும். தாளின் ஓரம் வந்ததும் வரி கீழே சரிந்துவிடும். ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது! பள்ளிவாசல் எழுத்து வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் இந்தோ ராவே, இந்த வயதில் உனக்கு எதற்குப் படிப்பு என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு என்கிறாள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் முடியாது. இந்த வசதி தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே படித்திருப்பேன்.

அம்மா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன் என்பதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். அம்மா போன பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் ஒருத்தனாக எதற்கு இருக்கிறாய், விற்றுவிட்டு வந்து என் நாலாம் மாடியில் இரு என்றாய். உன் அன்புக்கு ஒரு குறையுமில்லை. அங்கே கோழி வளர்க்க முடியாது, வலை வீச ஏரி கிடையாது, தும்மினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார் என்பதையெல்லாம் நான் பொருட்டாகவே நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இந்தக் கடிதத்தில் எழுதியிருப்பேனே.

வீட்டைக் கேட்டு வந்தவர் நெல் மில் ஹாஜி பதுருசி. மகள் கல்யாணத்துக்காம். நிலம் வேண்டாம், வீடு மட்டும் போதும், ஆட்களை வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் வயலுக்கு அந்தப் பக்கம் தன் மனையில் வைத்துக்கொள்கிறேன் என்றார். நம் ஊரில் வீடு நடக்கும் என்பதை மாடியில் இருந்து இருந்து நீ மறந்திருக்கமாட்டாய் என்று நம்புகிறேன். அவர் பார்க்க வந்த அன்று நான் எதையும் மறைக்கவில்லை.

"கூரை ஒழுகுமா, தாஹங்?"

"சேச்சே. மழை பெஞ்சா மட்டுந்தான், ஹாஜியாரே."

"படி ஆடுதே?"

"உங்களப் பாத்து ஆடல. எங்கம்மா காலத்துலேர்ந்தே ஆடுது."

அப்படியும் மனிதர் தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மரம் இப்போது கிடைக்காது, வீடு வந்து சேர்ந்ததும் பணம் என்று கையைக் குலுக்கிவிட்டார். பிறகு நான் வீட்டைக் காலி செய்தேன். அம்மா ஒரு டப்பாவையும் சும்மா விட்டுப் போகவில்லை. பிஸ்கட் டப்பாவில் பொத்தான், பொத்தான் டப்பாவில் பிஸ்கட். பிஸ்கட் நன்றாகவே இருந்தது. ஓட்டையை அடைத்தேன், ஜன்னலுக்கு வர்ணம் அடித்தேன். நடுத்தூணிடம் சொல்வது மட்டும் தள்ளிக்கொண்டே போனது. வீட்டின் தொப்புள் அது, விற்பதைச் சொல்லாமல் தூக்கக்கூடாது. அம்மா அதில் சாய்ந்துதான் வெற்றிலை போடுவாள். அவள் தலை எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அதற்குமேல் துடைக்க மனம் வரவில்லை. கடைசியில், விற்கச் சொன்னது மப்பியாசே என்று உன் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நூறு பேர் வந்தார்கள். வீட்டைத் தரைக்கு மேலே தாங்கும் தூண்களில் மூங்கில் கட்டினார்கள். தூக்குகிறவர்களுக்குத் தலைவன் அம்போ துவோ விசில் ஊத, நம் வீடு எழுந்து நடந்தது தம்பி! ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. அடியில் கட்டியிருந்த ஆடு, தன் நிழல் மட்டும் கிளம்பிப் போவதைப் பார்த்துத் திகைத்து நின்றது. ஹாஜியார் புதுச் சாரோங்கில் குடை பிடித்துக்கொண்டு முன்னால் போனார். பாதி வழியில், இந்தோ ராவே வீட்டை ஒட்டின அவளுடைய காலி மனையில் மூச்சுவாங்க இறக்கினார்கள். யாரோ ஒருவன் கேட்டான்:

"அந்தப் பக்கம் என்ன சாப்பாடு, ஹாஜியாரே?"

"சாப்பாடா? அது வீட்டுக்காரன்ல போடணும்!"

"கை குலுக்கின அன்னிலேர்ந்து நீங்கதானே வீட்டுக்காரரு?" என்றேன் நான், பணிவாகத்தான்.

"தூக்குற எடத்துலதான்யா சோறு!"

"எறக்குற எடத்துலதான் ஹாஜியாரே சோறு!"

"சரி சரி, முதல்ல கொண்டுபோய் வைங்கப்பா. டீ போடச் சொல்றேன்."

"டீயா?" என்றான் அம்போ துவோ. "நூறு பேரு முதுகுக்கு டீயா? ஏய், மூங்கில அவுருங்கடா!"

அந்த நேரம் பார்த்து இந்தோ ராவே கரண்டியோடு வெளியே வந்தாள். "வெயில்ல நின்னு என்னய்யா பஞ்சாயத்து? கையக் கழுவிட்டு வாங்க." உள்ளே சோறு, ஏரி மீன் புளிக்குழம்பு, இலையில் அவித்த வாழைப்பழப் பணியாரம். எல்லாரும் தின்றார்கள். தின்று முடித்ததும் ஹாஜியார், "ம், தூக்குங்க" என்றார். ஒருத்தனாலும் குனிய முடியவில்லை. "நடுத்தூணு ஊனி நின்னாச்சு, சோறும் எறங்கியாச்சு. இனி வீடு இங்கதான், ஹாஜியாரே" என்றான் அம்போ துவோ. பெரியவர்களும் ஏப்பம் விட்டு ஆமோதித்தார்கள்.

மறுநாள் ஹாஜியார் கோபம் ஆறி வந்தார். மகள் முதலிலிருந்தே செங்கல் வீடுதான் கேட்டாளாம். நம் மனை இப்போது காலியாகக் கிடப்பதால், நெல் காயப்போட அதை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். அந்தப் பணம் முழுக்க உனக்கே. வீடு மட்டும் விலை போகவில்லை. நான் என்ன செய்வேன், எல்லாம் அவன் செயல். இந்தோ ராவே, "இருந்துட்டுப் போவட்டும், என் எடந்தானே" என்றாள். ஆகவே காவலுக்கு நான் அதிலேயே தங்கியிருக்கிறேன்.

உன் மனைவிக்கு என் ஸலாம். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு.

இப்படிக்கு, உன் சொல்லை ஒருநாளும் தட்டாத அண்ணன்,
லா தாஹங்.

பின்குறிப்பு: நூறு பேருக்குப் புளிக்குழம்பு நினைத்தவுடன் கொதிக்காது என்று உன் மனைவி எப்படியும் சொல்லிவிடுவாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன். மீன் முந்தின நாள் நான் பிடித்தது. தூண்களுக்கு அடியில் வைக்கும் கற்களை அளவு பார்த்து அந்த மனையில் பதித்தது நானும் அம்போ துவோவும். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கவலையே படவேண்டாம் என்று ஹாஜியாரிடம் சொன்னதும் நான்தான். எனக்கும் இந்தோ ராவேக்கும் வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ். நாலாம் மாடி அறையை நல்ல ஆளாகப் பார்த்து வாடகைக்கு விட்டுவிடு. அடுத்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன், புது மனைவி விட்டால்.