பன்னிரண்டு கேன் கடல்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாம்பாரைக் கெடுத்தவர்கள் உண்டு, கல்யாணத்தைக் கெடுத்தவர்கள் உண்டு. நான் வங்காள விரிகுடாவையே கெடுத்தவன். அதுவும் கை நடுங்காமல், பொறுப்பாக, கழுவித் துடைத்துக் கெடுத்தவன்.

தருமபுரிப் பக்கத்து இண்டூர்க்காரன் கடல் ஆராய்ச்சிக்குப் போவது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. "கடல்ல என்னத்தடா ஆராயறது? அதான் பாத்தாலே தெரியுதே, தண்ணின்னு" என்றார் டவுன் பஸ் ஓட்டும் என் அப்பா. (அவரும் கடலை டிவியில்தான் பார்த்திருந்தார்.) வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்த நான் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் ஒகேனக்கல். அதையும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

ஆனாலும் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் என்னை எடுத்துக்கொண்டார்கள். முழுசாக அல்ல. குழுவின் தலைவரான பேராசிரியர் மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பத்து நாள் கப்பல்ல வாங்க. ஒத்து வந்தா பிஎச்.டி. இடம் உங்களுக்கு. இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்." வேறு ஆளைப் பார்த்துவிட்டால், எனக்குத் தருமபுரியில் மாமாவின் ஹார்டுவேர் கடையில் பைப் அளந்து கொடுக்கும் வேலை தயாராக இருந்தது. எனக்குக் கடல்தான் வேண்டும். ஏன் வேண்டும் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

முதல் இரண்டு நாள் கடலுக்கு நான் அளித்தது வாந்தி மட்டுமே. மூன்றாம் நாள் எழுந்து நின்றேன். (நின்றேன் என்பதே கொஞ்சம் அதிகம். சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தேன்.) அன்று செலின் அக்காவுக்கு உதவச் சொன்னார்கள். அவர் தூத்துக்குடிக்காரர், மூன்றாம் வருட ஆராய்ச்சி மாணவி. பன்னிரண்டு குழாய்கள் பொருத்திய ஒரு கூண்டை இரும்புக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்குவார்கள். ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு ஆழத்தில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மூடிக்கொள்ளும். மேலே வந்ததும் அந்தத் தண்ணீரைப் பன்னிரண்டு கேன்களில் பிடித்து, ஆழத்தை எழுதி ஸ்டிக்கர் ஒட்டுவோம். இறக்கி ஏற்றவே மூன்று மணி நேரம் ஆகும்.

பிடித்து முடித்தோம். ஒவ்வொரு கேனிலும் பாதிதான் தண்ணீர். "சாப்பிட்டு வந்து வடிகட்டுதேன். கேனைப் பாத்துக்கோல" என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் குடிதண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும். வருகிற அன்று குடங்கள் காலியாக இருக்க வேண்டும். எனவே மிச்சமிருக்கும் அரைக்குடங்களை ஒன்றோடு ஒன்று ஊற்றி நிரப்பி, காலியானதைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அம்மா அந்த டிபார்ட்மெண்டை என்னிடம் ஒப்படைத்தபோது நான் ஆறாம் வகுப்பு. அன்று முதல் லீவே எடுக்காத உத்தியோகம் அது.

கப்பல் ஆடியது. கேன்கள் அங்குமிங்கும் நகர்ந்தன. தலை சுற்றலில் மூளை படுத்துவிட்டது, கை மட்டும் டியூட்டிக்கு வந்துவிட்டது. அரை கேன், அரை கேன், ஊற்று. அரை கேன், அரை கேன், ஊற்று. ஒரு சொட்டு சிந்தவில்லை! ஆறு கேன் நிறைந்தது. காலியான ஆறையும் கழுவி, ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, வரிசையாகக் கவிழ்த்தேன். பாராட்டுவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செலின் அக்கா வந்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"மிச்சம் ஆறு எங்கல?"

"கழுவிக் கவுத்துட்டனுங்கக்கா."

"அதுல இருந்த தண்ணி?"

"இதுல சேத்துட்டனுங்க. எடம் எவ்ளோ மிச்சம் பாருங்க."

"ஆயிரம் மீட்டர் தண்ணி எதுல கெடக்கு?"

"அம்பது மீட்டரோட இருக்குதுங்க" என்றேன், இரண்டும் சௌக்கியமாக இருக்கின்றன என்கிற குரலில்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அந்த இடத்துத் தண்ணீருக்காக மூன்று வருடம் காத்திருந்தவர் அவர்.

மேடம் முன்னால் நிறுத்தப்பட்டேன். "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் நாலு நாள் தண்ணீர், அரைக்குடம், கவிழ்ப்பது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "எங்க வூட்ல எல்லாத்தயும் ஒண்ணாச் சேத்துருவோமுங்க மேடம். குடிக்கிற தண்ணியயும் போர் தண்ணியயும் மட்டும் கலக்கவே மாட்டோம். அது உப்பு, இது நல்ல தண்ணி, கலந்தா அம்மா தோல உரிச்சு..."

பாதியில் நின்றுவிட்டேன். நான் சொன்னது அப்போதுதான் எனக்கே கேட்டது.

"இதுவும் அப்படித்தானுங்களா மேடம்?"

"பன்னெண்டும் பன்னெண்டு தண்ணி" என்றார்.

எம்.எஸ்ஸி.யில் பக்கம் பக்கமாகப் படித்து மார்க் வாங்கிய விஷயம்தான். ஆனால் கடல் என்பது ஒரே தண்ணீர் இல்லை என்பது அந்த நிமிடம்தான் என் மண்டைக்குள் இறங்கியது. அவமானத்தில் முகம் எரிந்துகொண்டிருந்தபோதே, அட, இது என்ன அதிசயம் என்று உள்ளே ஒரு சந்தோஷமும் வந்தது. கடல் எனக்கு ஏன் வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

மேடம் கேப்டனிடம் கெஞ்சி இன்னொரு மூன்று மணி நேரம் வாங்கினார். கூண்டு மறுபடி இறங்கியது. இந்த முறை பன்னிரண்டு கேன்களுக்கும் நடுவில், காலால் நாலையும் கையால் நாலையும் அணைத்துக்கொண்டு, மீதி நாலை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வடிகட்டி முடிக்கும்வரை மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

கரைக்கு வந்ததும் பெட்டி கட்டினேன். ஹார்டுவேர் கடைதான் என்று முடிவே செய்துவிட்டேன். செலின் அக்காதான் மேடத்திடம் போய்ச் சொன்னாராம்: "இவனையே எடுங்க மேடம். புதுசா ஒருத்தன் வந்து முதல்ல இருந்து கலக்கணுமா?"

எடுத்துக்கொண்டார்கள்.

ஊருக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். அம்மா சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள தண்ணிய மறுபடி புடிச்சுக் குடுத்துட்டியா?" என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார். இன்றுவரை நிறுத்தவில்லை. தண்ணீர் வருகிற நாளில் நான் வீட்டில் இருந்தால், குடத்தைத் தொடவே விடுவதில்லை. "டாக்டர் சார் தள்ளி நில்லுங்க" என்கிறார்.

பிஎச்.டி. முடித்துச் சில வருடங்கள் கழித்து, போன மாதம் முதல்முறையாக ஒரு கப்பல் பயணத்துக்கு என்னையே தலைவனாகப் போட்டார்கள். கப்பல் கிளம்பும் முன் மேல்தளத்தில் நின்று அம்மாவுக்கு போன் செய்து, "மொத்த ஆராய்ச்சியும் என் பொறுப்பும்மா" என்றேன். பெருமைப்படுவார் என்று காத்திருந்தேன்.

"கேன எண்ணிப் பாத்தியா?"

ஆராய்ச்சிக் கூடத்துக்கு இறங்கிப் போய், விரல் வைத்து எண்ணிவிட்டு வந்து சொன்னேன்.

"பன்னெண்டு இருக்குதும்மா."

"செரி, பத்திரமா போய்ட்டு வா" என்றார்.