கொயம்பு நைனாவின் கயிறு

பழவேற்காடு ஏரியில் எத்தனை வகை மீன் உண்டோ, குழம்பு என்ற ஒரு சொல்லுக்கு அத்தனை அர்த்தம் வைத்திருந்த ஒரே மனிதர் கொயம்பு நைனாதான். ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவில், கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் ஒரு பெரிய வலைக்குச் சொந்தக்காரர்.

அங்கே நான் நர்ஸாகப் போய் இறங்கியதும், "இன்னா சிஸ்டரு, கொயம்பு ஆச்சா?" என்றார். "தயிர் சாதம்" என்றேன். "சௌக்கியமானு கேக்குறாருக்கா" என்று படகில் வந்த பெண் விளக்கினாள். மீன் குறைந்தால், "கொயம்புக்குத்தான்." சண்டைக்காரர்கள் சமாதானமானால், "ரெண்டு ஊட்லயும் ஒரே கொயம்பு." மாப்பிள்ளையைப் பார்த்து "கொயம்புக்கு ஆவ மாட்டான்" என்று சொல்லிவிட்டால் மேல்முறையீடே கிடையாது. திருப்பாலைவனத்தில் ஒரு கல்யாணமே அப்படி நின்றுபோனது.

வலை இழுக்கும்போது மட்டும் அந்தச் சொல்லில் விளையாட்டில்லை. கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும், விற்கப் போகும் முன்பே வீட்டுக்கென்று கொஞ்சம் மீன் ஒதுக்குவார்கள். அதுவும் கொயம்புதான்.

வலையிழுக்கும் மாரிக்குக் கால் முறிந்ததும் அது நின்றது. கட்டு மாற்றப் போனால் அவன் பிள்ளைகள் வெறும் சோற்றுக்கு மிளகாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். நைனா கொடுத்தனுப்பிய மீனை மூன்று முறை திருப்பி அனுப்பினான்.

"இழுக்காத வலையில எனக்கு இன்னாத்துக்கு கொயம்பு? பிச்சை வாணாம் சிஸ்டரு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நைனாவிடம் போய்க் கொட்டினேன்.

மறுநாள் காலை வலை பாதி வந்ததும் நைனா "நிறுத்து!" என்றார். படகுக் கயிறு, ஆட்டுக் கயிறு, துணி காயப்போடும் கயிறு எல்லாவற்றையும் வலைக் கயிற்றோடு முடிச்சுப் போட்டு, மணலில் இழுத்துக்கொண்டே போய் மாரியின் கட்டிலில் போட்டார்.

"புடி."

"இன்னா நைனா இது?"

"வலை நிக்குது. நீ புடிச்சாத்தான் மத்தவங்க இழுப்பாங்க. லேட்டானா மீனு ஓடிடும். ஊரு கொயம்பே உன் கையில கீது."

கரையில் இருபது பேர் அசையாமல் நின்றார்கள். மாரி நைனாவைத் திட்டினான், என்னையும் திட்டினான். பிறகு படுத்தபடியே இழுத்தான். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

அன்று மாரியின் பங்காக மடவை மீன் வீட்டுக்கு வந்தது. மாரி அதை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"எல்லாம் பொடிசா போட்டுக்கிறானுங்க. நான் இழுத்ததுக்கு இவ்ளோதானா நைனா?"

"நாளைக்கி நல்லா இழு" என்றார் நைனா.

எலும்பு கூடும் வரை தினமும் அந்தக் கயிறு கட்டிலுக்குப் போனது. முடிச்சுகளை வேறு யாரையும் போடவிடாமல் அவரே குனிந்து உட்கார்ந்து போடுவார். எனக்கு அந்த மனுஷரை அவ்வளவு பிடிக்கும்.