சொதி போய்ச் சேர்ந்தால் லைன் சரி

எங்கள் தீவில் எந்த வீட்டில் என்ன கறி என்பதை ஊருக்கே அறிவித்த ஒரே அரசாங்க உத்தியோகத்தர் சொதியண்ணைதான்.

ரெலிபோன் லைன் திருத்துவது அவர் வேலை. மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணி லைனைச் சோதிப்பார்கள். இவர் முதலில் குசினிக்குள் எட்டிப் பார்ப்பார். பிறகு கம்பத்தில் ஏறி, தோளில் தொங்கும் ரெலிபோனைக் கம்பியில் கொழுவி, அந்த வீட்டுச் சமையலை எக்ஸ்சேஞ்சுக்கு ஒப்புவிப்பார். அங்கிருக்கும் ஒப்பரேற்றர் பெண் திருப்பிச் சொல்லவேண்டும். எத்தனை கறி குறைகிறதோ அவ்வளவு சத்தம் வழியில் தொலைந்தது என்பது அவர் கணக்கு. கடைசியாகச் சொல்லும் தேங்காய்ப்பால் சொதியும் போய்ச் சேர்ந்தால்தான் இறங்குவார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கம்ப உச்சியில் நின்று “நண்டுக்கறி” என்று கத்தியதில், கீழே குடியிருந்த கோயில் மனேச்சர் ஒரு மாதம் வெளியில் தலைகாட்டவில்லை.

அப்போது கொழும்பில் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிறு தோறும் அவள் கரம்பொனில் எங்கள் வீட்டுக்குப் பேசுவாள். ஐயா “என்ன? என்ன?” என்று கேட்டுக் களைத்து ரிசீவரை வைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

“லைன் செத்துப்போச்சு. இந்தச் சாமானைக் கழட்டிக்கொண்டு போகச் சொல்லு,” என்றார் ஒருநாள்.

சொதியண்ணை வந்தார். கம்பத்தில் சோதித்தார், சுவரடியில் சோதித்தார், கடைசியாக ஐயாவின் ரெலிபோனிலேயே சோதித்தார். மூன்று இடத்திலும் சொதி போய்ச் சேர்ந்தது.

“எல்லாம் சரியாக் கேக்குது ஐயா.”

“அப்ப எனக்கு விசரோ?”

சொதியண்ணை ஐயாவின் இடப்பக்கம் நின்று, மெல்லத் தண்ணீர் கேட்டார். ஐயா அசையவில்லை. வலப்பக்கம் போய் அதே குரலில் கேட்டார். ஐயா உடனே குசினிப்பக்கம் திரும்பி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சொதியண்ணை சுவரைத் தட்டினார்.

“பிடிச்சிட்டன். இந்தச் சுவரால சத்தம் ஒழுகுது. கதிரையை மற்றப் பக்கம் போடுங்கோ. ரிசீவரை வலக்காதில வையுங்கோ.”

“நான் அப்பவே சொன்னனான்,” என்றார் ஐயா.

படலை வரை கூடப் போய்க் கேட்டேன்: “சுவரால சத்தம் ஒழுகுமோ அண்ணை?”

“ஒழுகாது தம்பி. ஆனா காது பிழையெண்டு சொன்னா உங்கட ஐயா ரெலிபோனைக் கழட்டிப்போடுவார். பிறகு பேரப்பிள்ளையின்ர குரலை எப்பிடிக் கேக்கிறது?”

ஞாயிறு அக்கா பேசினாள். ஐயா ரிசீவரை வலக்காதில் வைத்தார். முகம் மாறியது.

“ஏன் பிள்ளை அழுறான், பசியோ?”

ஐயா சாகும்வரை அந்தச் சுவரைத்தான் குறைசொன்னார். நான் மறுத்ததே இல்லை. சொதியண்ணையின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.