என் நீச்சல் குளத்தின் பிளக்கை உன் மகள் வெட்டிய விஷயமாக

பாக்கார் ஆராங்,
சுங்கை பட்டாணி.
திங்கட்கிழமை, பசியாறிய கையோடு.

புக்கிட் செலம்பாவில் வீற்றிருக்கும் என் உடன்பிறந்த தம்பி லோகேஸ்வரனுக்கு,

அண்ணன் இருளப்பன், கோபத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு வழங்கும் ஆசிகள். உன் நலம், உன் மனைவி நலம், உன் மோட்டார் சைக்கிள் நலம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். நானும் உன் அண்ணி ராக்காயியும் சுகம். இப்போது கோபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பியிருப்பேன். ஆனால் நீ என் குரலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவன் என்று உன் மனைவியே சொல்லியிருக்கிறாள். சிங்கத்தின் கர்ஜனையை அணிலாக்கிக் கேட்கிறவனுக்குக் கடிதம்தான் சரி. விஷயம் இதுதான். வயரிங் லைசென்ஸ் எடுத்தவள் என்று நீ ஊர் முழுக்கப் பெருமை பேசுகிறாயே, அந்த உன் மகள் ரூபினி, போன வெள்ளிக்கிழமை என் நீச்சல் குளத் திறப்பு விழாவில், நாற்பது பேர் பார்க்க, என் பிளக்கைக் குறடால் வெட்டித் தூக்கி எறிந்தாள். வருகிற சனிக்கிழமை ஜொகூரிலிருந்து என் மகள் யோகேஸ்வரி, பேத்தி நளினியைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். அதற்குள் ரூபினி இங்கே வந்து, என்னிடம் மன்னிப்புக் கேட்டு, வெட்டின பிளக்கைப் பழையபடி மாட்டிக் கொடுத்தாக வேண்டும்.

குளத்தின் பெருமை உனக்குத் தெரியாது. முட்டி வலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொன்னார் டாக்டர். கோழிக்கூண்டு இருந்த இடத்தில் பதினைந்தடிக்குப் பத்தடி வெட்டினேன். வடக்கே அலோர் ஸ்டார், தெற்கே பினாங்கு, இடையில் இப்படியொரு சமுத்திரம் கிடையாது. நான் ஒரு முறை உள்ளே உட்கார்ந்தால் சிடாம் கிரி வரை அலை அடிக்கும். வயரிங் போட்டது ரூபினிதான், மறுக்கவில்லை. குளத்துக்கென்று தனியாக, கோளாறு என்றால் தானே விழுந்து கரண்டை நிறுத்துகிற ஒரு டிரிப் சுவிட்ச் வைத்தாள். தண்ணீருக்குள் பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு விளக்கும் வைத்தாள். அது விளக்கா? காய்ச்சல் கண்ட மின்மினிப் பூச்சி! சமுத்திரத்துக்கு அது போதுமா? பாசார் மாலாம் இரவுச் சந்தையில், வீட்டுக் கரண்டிலேயே எரிந்து ஏழு வண்ணம் மாறுகிற தோட்டத்து விளக்கு ஒன்று வாங்கி, நானே கழற்றி நானே மாட்டினேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. விளக்கைப் போட்டால் டிரிப் சுவிட்ச் விழுகிறது, பம்பைச் சேர்த்துப் போட்டால் விழுகிறது, நான் தும்மினால்கூட விழுகிறது. முப்பது வருஷம் ரப்பர் பேக்டரியில் என்ஜின் ஓட்டியவனிடம் கட்டைவிரல் அளவு சுவிட்சுக்கு இத்தனை திமிர் ஆகுமா? மேலே தூக்கிக் கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கட்டினபடி நிமிர்ந்துதான் நிற்கிறது, கரண்டு மட்டும் இல்லை. வெளியே சிரித்துக்கொண்டு உள்ளுக்குள் வேலைநிறுத்தம் செய்கிற ரகம். சரி, இதை நம்பிப் பயனில்லை என்று வேலிக்கு அந்தப் பக்கம் நாகூர் மீரான் பாயிடம் போனேன். அவர் வீடு பழைய வீடு, இன்னும் பீங்கான் பியூஸ்தான்.

"பாய், ஒரு வயர் இழுத்துக்கிறேன்லா."

"தாராளமா எடுங்கண்ணே. ஆனா எங்க வூட்டுல இந்த டிரிப் ஆவுற சாமானே கெடையாது. பரவால்லையா?"

"அதுக்குத்தானே பாய் ஒங்க வூட்டுக்கு வந்திருக்கேன்!"

பார்த்தாயா, அண்ணன் மூளையை? நீட்டு வயர் வேலி தாண்டி வந்தது, பம்பு பாடியது, விளக்கு ஏழு வண்ணத்தில் ஜொலித்தது, ஒரு தடவை விழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பூஜை. மாவிலை இருக்கிறது, தோரணம் கட்டக் கயிறு இல்லை. பார்க்கிறேன், குளத்து இரும்பு ஏணியின் காலிலிருந்து ஒரு கம்பி, பம்புக்கும் போகாமல் விளக்குக்கும் போகாமல், வேலையற்றவன் மாதிரி மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நிறத்தைக் கேள்: பச்சையும் மஞ்சளும்! மாவிலைப் பச்சை, மஞ்சள் கிழங்கு மஞ்சள். சுபகாரியத்துக்கென்றே செய்த கம்பியை இந்தப் பெண் மறதியாக ஏணியில் கட்டிவிட்டாள் என்றுதானே எந்தத் தமிழனும் நினைப்பான்? வெட்டினேன், தோரணம் கட்டினேன். கல்யாண மண்டபம் தோற்றது போ.

தேங்காய் உடைத்துவிட்டு, ஈரக்காலோடு ஏணியைத் தொட்டேன். தொட்டதும், லோகா, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரு சிலிர்ப்பு! பல் கிட்டிவிட்டது, உடம்பு உதறுகிறது, ஏணியைப் பிடித்த கை வரமாட்டேன் என்கிறது. ராக்காயி ஓடி வந்து காலில் விழப் போனாள். நாற்பது வருஷக் குடும்பத்தில் அவள் எனக்கு அவ்வளவு குனிந்து நான் பார்த்ததில்லை. "ஆத்தா, அம்மா, வந்துட்டியா தாயி! மருமகனுக்கு எப்பம்மா வேல ஒசரும்?" என்கிறாள். நான் "ம்... ம்... ம்... ம்..." என்கிறேன். "நாலு மாசமாம்! நாலு தடவ உறுமுச்சு ஆத்தா!" என்று பெண்கள் குலவை போடுகிறார்கள். அருள் வந்தவர் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம் இல்லையா, ஒரு குடம் ஊற்றினாள். அம்மன் இரண்டு மடங்காக இறங்கினாள்.

இந்தத் தெய்வீக வேளையில்தான் உன் மகள் உள்ளே நுழைந்தாள். கும்பிடவில்லை, விபூதி கேட்கவில்லை. "யாரும் அவரைத் தொடாதீங்க! தண்ணி ஊத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டு வேலியைத் தாண்டிப் பாய் வீட்டுக்குள் ஓடினாள். பியூஸைப் பிடுங்கினாளாம். அந்த நொடியே அம்மன் மலையேறிவிட்டாள். நான் ரம்புத்தான் மூட்டை மாதிரி தரையில் விழுந்தேன். அவள் திரும்பி வந்து, என் பிளக்கை எடுத்து, கறக்! வெட்டிவிட்டாள்.

"ஏன்டி, சாமி காரியத்துல கை வைக்கிற?" என்றேன்.

"சாமி இல்ல பெரியப்பா, கரண்டு. அந்த வெளக்குல இருந்து தண்ணியில கசிஞ்சு ஏணிக்கு வருது. பச்ச மஞ்ச கம்பி இருந்திருந்தா மண்ணுக்குப் போயிருக்கும். நான் வெச்ச சுவிட்சுல போட்டிருந்தா ஒடனே விழுந்திருக்கும். நீங்க அதையும் அறுத்து, இதையும் விட்டுட்டு வந்தீங்க. அதான் ஒங்க வழியா மண்ணுக்குப் போச்சு."

என் வழியாகப் போக அதற்கு யார் அனுமதி கொடுத்தது? இதை நாற்பது பேர் முன்னால் சொல்லலாமா? தனியாகக் கூப்பிட்டு, "பெரியப்பா, அம்மனும் வந்தாள், கூடக் கொஞ்சம் கரண்டும் வந்தது" என்று பதமாகச் சொல்லக் கூடாதா? நல்ல வேளை, ராக்காயி நம்பவில்லை. "பொறாமை புடிச்ச புள்ள" என்றாள்.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன். சனிக்கிழமைக்குள் மன்னிப்பு வேண்டும், பிளக் வேண்டும். இல்லையேல் நீயும் நானும் பேச்சில்லை, உன் வீட்டு டுரியானும் எனக்கு வேண்டாம். (அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.) எல்லோரும் நோய் நொடியில்லாமல் தழைத்திருக்க, கோபத்தோடு ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்
இருளப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நளினி வீடியோவில் கூப்பிட்டாள். நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், ஆறு வயதுக்காரி. "தாத்தா, நான்தான் மொத ஆளா அந்த ஏணியில எறங்குவேன். வேற யாரையும் தொட விடாதீங்க, சரியாலா?" என்றாள். போனை வைத்துவிட்டுத் தோரணத்தை அவிழ்த்தேன். மாவிலையைப் பிய்த்தெடுத்து, கம்பியைத் துடைத்துச் சுருட்டி வைத்திருக்கிறேன். ஏழு வண்ண விளக்கு குப்பையில். பாயின் வயரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சுவிட்சில் கட்டிய கறுப்புக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன். மன்னிப்பு எதுவும் வேண்டாம், ரூபினியை இன்றைக்கே அனுப்பு. எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கட்டும். அவள் சரி என்று சொல்கிறவரை ஏணிக்கு முன்னால் நாற்காலி போட்டு நானே காவல் இருக்கிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே. இன்னொன்று, அருள் விஷயத்தை அவள் ராக்காயியிடம் மறுபடியும் கிளற வேண்டாம் என்று சொல். மூன்று நாளாக நான் கேட்காமலே எனக்குக் காப்பி வருகிறது.