ஒரு விநாடியில் ‘பார்த்தேன்’

மருந்துக்கடைகளில் ‘பார்த்தேன்காரர்’ என்றோர் இனம் பெருகி வருகிறது. செயற்கை நுண்ணறிவு மருந்துச்சீட்டை வாசித்து, இந்த மாத்திரையோடு அந்த மாத்திரை ஆகாது என்று திரையில் சிவப்பெழுத்தில் எச்சரிக்கும். அதன்கீழுள்ள ‘பார்த்தேன்’ என்னும் பொத்தானை மருந்தாளுநர் அழுத்தினால்தான் ரசீது வெளிவரும். அவரும் அழுத்துவார். பார்ப்பாரா? அவசரப்படாதீர்கள்.

எங்கள் பகுதியான காக்ஸ் டவுனில் அவ்வினத்தின் குறையற்ற மாதிரி ஒன்று உண்டு: அடியேன்.

நாளொன்றுக்கு முந்நூறு எச்சரிக்கைகள். எழுபது வயது ஓஸ்வால்ட் தாத்தாவின் சீட்டுக்கு ‘கர்ப்பிணி எனில் கவனம்’ என்றது அந்தப் பேரறிவு.

“பொண்ணா பையனான்னும் அதையே கேட்டுச் சொல்லுப்பா” என்றார் அவர்.

கணினியைச் சொந்தமாகக் கற்றவனல்லவா நான்? இத்தகைய எச்சரிக்கைகளை அச்செடுத்து, தேதிவாரியாக அடுக்கித் துளையிட்டு, ‘கருவியின் அபத்தங்கள்’ என்று பெயரிட்ட கோப்பில் சேர்த்தேன். என்றேனும் பழி என்மீது விழும். அன்று கோப்பு பேசும்.

விழுந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் டோரதி டீச்சருக்கு, மூட்டுவலிக்கென வேறொரு டாக்டர் எழுதிய மாத்திரையையும் கொடுத்துவிட்டேன். நான்காம் நாள், இடது முழங்கையில் கத்தரிக்காய் நிற ரத்தக்கட்டோடு, மருத்துவமனையிலிருந்து நேரே கடைக்கு வந்தார்.

“மிஷின் ஒண்ணும் சொல்லலையாப்பா?”

“சொல்லுச்சு டீச்சர்.”

“நீ என்ன சொன்ன?”

“பார்த்தேன்னு.”

“பார்த்தியா?”

என் வேலை நிலைக்குமா என்று தீர்மானிக்க விசாரணை வைத்தார்கள். கருவியை விற்றவர், வாங்கியவர், ஒரே ஆள் நாளுக்கு முந்நூறு எச்சரிக்கைகளைப் பார்க்கலாமென வகுத்தவர், எவருக்கும் அழைப்பில்லை. நாற்காலி எனக்கு மட்டும். கோப்பை மேலாளர் பத்ரிநாத்தின் முன் வைத்தேன். நிதானமாகப் புரட்டினார்.

“என்ன சார் இது, பக்கத்துக்குப் பக்கம் டைம் போட்டிருக்கு? வார்னிங் வந்தது 11:04:09. நீங்க அமுக்கினது 11:04:10.” இன்னும் சில தாள்களைப் புரட்டினார். “அட, டீச்சரோட வார்னிங்கும் இதுலயே இருக்கே! இதுவும் அபத்தமா சார்?”

இருந்தது. நேர்த்தியாகத் துளையிட்டிருந்தேன்.

வேலை போகவில்லை. டீச்சர் பரிந்து எழுதிய கடிதமும் அதிலிருந்த ஒரே நிபந்தனையும் காப்பாற்றின. அதன்படி இப்போது அவர் கவுன்ட்டர் முன் நின்று, தம் சீட்டுக்கு வரும் எச்சரிக்கைகளை என்னை வாய்விட்டு வாசிக்க வைக்கிறார். வரிசையே கேட்கிறது.

“கடைசி லைன முழுங்கிட்ட. மறுபடி படி.”

நீங்கள் இந்த இனமல்ல என்று புன்னகைக்கிறீர்கள். மகிழ்ச்சி. டீச்சருக்கு ரத்தக்கட்டு எந்தக் கையில்? மேலே போய்த் தேடாதீர்கள். அந்த வரியைப் படித்ததாக அப்போதே தலையாட்டிவிட்டீர்கள்.