கழுதை பார்த்த சம்பந்தம்

வாசற்படிக்கு வெளியே வலது காலை வைத்துவிட்டு, நெருப்பை மிதித்ததுபோல அதை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரை முறைக்கும் மனிதரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கிளம்புகிற நேரத்தில் யாரோ தும்மியிருப்பார்கள். அல்லது "எங்க போறீங்க?" என்று அன்பாக விசாரித்திருப்பார்கள். அத்தோடு அன்றைய பயணம் முடிந்தது. இந்த இனத்துக்குச் சகுனசிகாமணி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சகுனசிகாமணியை வாதத்தில் ஜெயித்தவர் இதுவரை பிறக்கவில்லை. நல்ல சகுனம் பார்த்துப் போய்க் காரியம் நடந்தால் சகுனம் பலித்தது. நடக்காவிட்டால்? அந்த நல்ல சகுனத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாம் கவனிக்காமல் விட்ட கெட்ட சகுனம் ஒன்று இருந்திருக்கும், யோசித்தால் ஞாபகம் வரும். கெட்ட சகுனத்தை மீறிப் போயும் காரியம் நடந்துவிட்டதா? இன்னும் பிரமாதமாக நடந்திருக்க வேண்டியது, இவ்வளவோடு நின்றுபோனது. இதற்கு மேல் என்ன பேசுவீர்கள்?

இந்த இனத்தில் பூனைக் கிளை உண்டு, பல்லிக் கிளை உண்டு, கண் துடிப்புக் கிளை உண்டு. எல்லாவற்றிலும் உசத்தி கழுதைக் கிளை. சிதம்பரம் மேலவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நடனசபாபதி அந்தக் கிளையின் தலைவர், செயலாளர், பொருளாளர்.

அவர் கடையில் கல்லாவுக்கு நேரெதிரே, சாமி படங்களைவிடப் பெரிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறது. இரண்டு கழுதைகள், கீழே "என்னைப் பார் யோகம் வரும்" என்று கொட்டை எழுத்து. நீங்களும் எத்தனையோ கடைகளில் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் படத்தை மாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நடனசபாபதி அப்படியில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அடுக்கிய குடங்களையும் அண்டாக்களையும் தடவித் தடவி, இடித்து, உருட்டி, மன்னிப்புக் கேட்டு, கல்லாவில் போய் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தி அப்புறம்தான் கண்ணைத் திறப்பார். முதல் பார்வை கழுதைக்கு. அதற்குள் ஏதாவது ஒரு வாடிக்கையாளர் "அண்ணே, இட்லிப் பானை இருக்கா?" என்று குறுக்கே வந்துவிட்டால் அவருக்கு அன்று இட்லிப் பானை கிடையாது.

"ஏங்க, கண்ண தொறந்துகிட்டே போனா என்னா? நேத்து குத்துவிளக்கு கழுத்த ஒடைச்சீங்களே," என்பாள் மனைவி அமிர்தம்.

"அது திருஷ்டி கழிஞ்சிது, விடு."

கழுதையைப் பற்றி அவரிடம் கேட்டால் நீங்கள் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். சிறையில் கண்ணன் பிறந்த வேளையில் கழுதை கத்திக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று வசுதேவர் அதன் காலைப் பிடித்துக் கெஞ்சிய கதையைக் கண் கலங்கச் சொல்வார். அதே மூச்சில், கழுதை வடிவில் வந்த தேனுகாசுரனைப் பலராமர் பனந்தோப்பில் சுழற்றியடித்ததையும் சொல்வார். அப்பா பிடித்ததும் கழுதைக் காலைத்தான், மூத்த பிள்ளை பிடித்ததும் கழுதைக் காலைத்தான். அப்பா கெஞ்சுவதற்கு, பிள்ளை வீசுவதற்கு. மழை பெய்யவில்லையா? கழுதைக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். பிறந்த குழந்தைக்கு நோய் அண்டக்கூடாதா? சங்கில் கழுதைப்பால். ஆனால் பாருங்கள், மூதேவிக்கு வாகனமும் கழுதைதான். பழைய காலத்து அரசர்கள் தோற்றவன் கோட்டையை உழுது பாழாக்க ஏரில் பூட்டியதும் கழுதையைத்தான். கனவில் கழுதை மேல் ஏறித் தெற்கே போனால் திரும்பி வர டிக்கெட் கிடையாது.

ஆகக் கழுதையில் இரண்டு கட்சி, யோகக் கட்சி, மூதேவிக் கட்சி. நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டால் நடனசபாபதி இரண்டிலும் ஆயுள் உறுப்பினர்.

இந்த அறிவினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அவருடைய ஒரே மகன் சுரேந்தரைக் கேளுங்கள். கடலூரில் கம்பெனி வேலை, கை நிறையச் சம்பளம், தலையில் முன்பக்கம் முடி விடைபெறத் தொடங்கிவிட்டது. விருத்தாசலத்துப் பெண் நல்ல பெண், ஆனால் அவர்கள் வீட்டில் காபி கொடுக்கும்போது கரண்ட் போய்விட்டது. பண்ருட்டிப் பெண் அதைவிட நல்ல பெண், கார் கிளம்பும்போது ஒரு பூனை வந்தது. வந்தது என்றால் குறுக்கே கூடப் போகவில்லை, உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தது. போதாதா?

இப்போது வந்திருப்பது திருப்பாதிரிப்புலியூர் காயத்ரி. மருந்துக்கடை வைத்திருக்கும் பெண். தரகர் கொடுத்த நம்பரில் சுரேந்தர் ஒரு மாதமாகப் பேசியிருக்கிறான், அவளும் பேசியிருக்கிறாள், இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. "இது இல்லன்னா இனிமே எனக்கு எதுவும் வேணாம்மா, என்னை விட்டுடு," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். பெண்ணின் அப்பா கொளஞ்சியப்பன் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போடுகிறவர், பேச்சில் வளைவு கிடையாது. இதற்கு முன் வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதக்கணக்கில் இழுத்தடித்ததில் வெறுத்துப்போயிருந்தார். "ஞாயித்துக்கெழம வாங்க, பாருங்க, அன்னிக்கே புடிச்சிருக்கு இல்லன்னு சொல்லிடுங்க. யோசிச்சி சொல்றோம்னா நான் வேற எடம் பாத்துடுவேன்," என்று போனிலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

சுரேந்தருக்குத் தூக்கம் போயிற்று. அப்பாவை மாற்ற முடியாது. சகுனத்தை மாற்றலாம் அல்லவா? அந்த வட்டாரத்தில் தெருத் தெருவாகக் கழுதையை ஓட்டிக்கொண்டு போய்ப் பால் விற்கும் குப்பு அக்காவைத் தேடிப் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் காயத்ரி வீட்டு எதிரில் கழுதையோடு நிற்க வேண்டும், வெள்ளைக் கார் வந்து கதவு திறந்ததும் கழுதை கத்த வேண்டும், அவ்வளவுதான்.

"கத்தறதுக்கா கூப்புடறீங்க? பால் வேணாமா?"

"வேணாங்க்கா. கத்துனா போதும்."

"குட்டிய கண்ணுல படாம அந்தாண்ட கட்டிப்புட்டா ஊரே கேக்கறாப்புல கத்தும். யாருக்கு என்னா வேண்டுதலோ," என்று ஒப்புக்கொண்டாள் குப்பு.

ஞாயிறு வந்தது. காரின் முன் சீட்டில் உட்கார்ந்து நடனசபாபதி சாலையின் இரண்டு பக்கத்தையும் போலீஸ்காரர்போலச் சோதித்துக்கொண்டு வந்தார். ஆலப்பாக்கம் தாண்டும் வரை அமிர்தம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசப்போய் அது சகுனமாகிவிட்டால்? அவள் மடியில் ஒரு மஞ்சள் பை, அதில் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலைபாக்கு, மஞ்சள் தடவிய இரண்டு ஜாதகங்கள், பையனுடையது ஒன்று, பெண்ணுடையது ஒன்று.

கார் நின்றது. கதவு திறந்தது. கழுதை கத்தியது.

அது கத்தலா! தெருவிலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. நடனசபாபதிக்குப் புல்லரித்துவிட்டது. "பாத்தியா அமிர்தம், எறங்கும்போதே கூப்புடுது! ராஜயோகம்டி!" என்றார். சுரேந்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். இத்தோடு அது வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. குட்டியைக் காணாத தாய்க்கு ராஜயோகம் ஒரு பொருட்டா? மறுபடி கத்தியது. அதற்கும் மேலே கத்தியது. தெருக்கோடியில் கட்டியிருந்த குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு பதில் குரல் கொடுத்தபடி ஓடி வந்து நடனசபாபதிக்கும் கேட்டுக்கும் நடுவில் புகுந்து தாயிடம் போய்ச் சேர்ந்தது.

குட்டி குறுக்கே போனது உறைப்பதற்குள் நடனசபாபதியின் ஒரு கால் கேட்டுக்கு உள்ளே போயிருந்தது. மற்றொரு கால் தெருவில். இரண்டும் அப்படியே நின்றன.

கத்தியது யோகம், சரி. ஆனால் ஒருமுறைக்கு மேல் கத்தினால்? குட்டி இடமிருந்து வலம் போனதா, வலமிருந்து இடமா? நமக்கு வலமா, அதற்கு வலமா? தாய் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? ஐயையோ, தெற்கு! காலடியில் கழுதைப் புழுதி வேறு, பட்டால் தரித்திரம். யோகக் கட்சியும் மூதேவிக் கட்சியும் அவர் மண்டைக்குள் நாற்காலிகளைத் தூக்கி அடித்துக்கொண்டன.

"வாங்கண்ணே, உள்ள வாங்க. வெயில்ல நிக்கறீங்களே," என்றார் வாசலுக்கு வந்த கொளஞ்சியப்பன்.

"ஒரு நிமிஷம்."

"பஜ்ஜி ஆறுதுண்ணே."

"ஒரே ஒரு நிமிஷம்."

நடனசபாபதியின் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று சிதம்பரத்தில் எல்லோருக்கும் தெரியும். கொளஞ்சியப்பனுக்குத் தெரியாது. அவர் நெற்றி சுருங்க ஆரம்பித்தது. உள்ளே ஜன்னலில் சொந்தக்காரர்களின் தலைகள் கூடின. சுரேந்தருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. தானே கூட்டி வந்த கழுதை தன் கல்யாணத்தை மிதிக்கிறதே என்று நொந்துபோனான்.

எல்லோரும் நடனசபாபதியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையை யாரும் பார்க்கவில்லை. குட்டி வந்து சேர்ந்த நிம்மதியில் கழுதை அமிர்தத்தின் பக்கமாக நகர்ந்து, பையில் மூக்கை விட்டு, பழத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஜாதகத்தையும் ஒரே வாயில் கவ்வி இழுத்தது. அமிர்தம் போட்ட கூச்சலில் குப்பு ஓடி வந்து கழுதையின் வாயைப் பிடித்தாள். மிச்சம் கிடைத்தது மஞ்சள் தடவிய ஒரு மூலை.

கழுதை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகக் காயத்ரி வாசலுக்கே வந்துவிட்டாள். "நீ உள்ள போ," என்று அப்பா சொன்னது அவள் காதில் விழவில்லை.

"மாமா, ரெண்டு பேரு ஜாதகத்தயும் ஒண்ணா சேத்து கழுத தின்னுடுச்சி. இதுக்கு என்னா பலன்?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவள் வாழ்க்கை அந்தக் கழுதையின் வாயில் இருந்தது. நடனசபாபதி யோசித்தார். வசுதேவர் கைகொடுக்கவில்லை, பலராமர் கைகொடுக்கவில்லை. கழுதை கத்தினால் உண்டு, குறுக்கே போனால் உண்டு, கனவில் வந்தால் உண்டு. ஜாதகத்தைத் தின்றால்? எந்தக் கட்சியிலும் அதற்குச் சட்டம் இல்லை.

"தெரியலம்மா," என்றார். அமிர்தம் திடுக்கிட்டுப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை.

"அப்ப யோசிச்சி சொல்லி அனுப்பறீங்களா?" என்றார் கொளஞ்சியப்பன். குரலில் குளிர் ஏறியிருந்தது.

நடனசபாபதி முதல்முறையாகக் கழுதையை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார். "எனக்கு பயமா இருக்கும்மா," என்றார் காயத்ரியிடம், ரகசியம் சொல்வதுபோல. "நாளைக்கி ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா, நீதானய்யா முடிச்சி வெச்சேன்னு கேட்டா, நான் யாரை சொல்றது?"

"எங்கள சொல்லுங்க மாமா. நாங்க ரெண்டு பேரும் இஷ்டப்பட்டு பண்ணிகிட்டோம்னு சொல்லுங்க. வாயில்லா ஜீவன் மேல எதுக்கு பழிய போடறீங்க?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவிலிருந்த காலையும் எடுத்து உள்ளே வைத்தார். "புடிச்சிருக்குங்க. பஜ்ஜிய எடுத்தாங்க," என்றார். படியேறும்போது அவர் முதலில் வைத்தது இடது கால் என்பதை அமிர்தம் பார்த்தாள். சொல்லவில்லை. அவள் என்ன பைத்தியமா?

வைகாசியில் கல்யாணம் நடந்தது, இருவரும் சுகம். நடனசபாபதி திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இரண்டு ஜாதகங்களும் ஒரே வயிற்றில் சேர்வதுதான் பொருத்தங்களிலேயே தலையானது என்று மேலவீதி முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது பெண்ணைப் பெற்றவர்கள் ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு குப்பு அக்காவைத் தேடுகிறார்கள். கழுதைக்கு வயிற்றுப்போக்கு என்று கேள்வி.

சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, தெரியும். ஆனால் ஒருவரிடம் சம்மதம் என்றோ முடியாது என்றோ நீங்கள் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறதே, ஆடி போகட்டும், தேர்வு முடியட்டும், ஆபீசில் சூழ்நிலை சரியில்லை, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கிறீர்களே, அவர் வாசலில் இந்த நிமிஷம் உங்களுடைய எந்தக் கால் உள்ளே இருக்கிறது, எந்தக் கால் தெருவில் நிற்கிறது? குனிந்து பார்க்க வேண்டாம். உள்ளே பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கிறது.