பாதுகாப்பு வாரமும் ஒரு பொன்னாடையும்

உலகில் தச்சுப் பட்டறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் பாதுகாப்புக்கு மேடை போட்டு, மைக் வைத்து, கேசரி கிண்டி விழா எடுத்த பட்டறை ஒன்றே ஒன்றுதான். அது மேனாம்பேட்டில் இருக்கிறது. அதற்குச் செயலாளராக இருக்கும் பேறு ஜானகிராமனாகிய எனக்கு வாய்த்திருக்கிறது.

‘அம்பத்தூர் வட்டாரப் பொதுத் தச்சுக்கூட உறுப்பினர் நலச் சங்கம்’ என்பது முழுப் பெயர். பெயர்ப் பலகை எங்கள் கட்டடத்தைவிட நீளமாக அமைந்துவிட்டதால் ‘நலச் சங்கம்’ மட்டும் பக்கத்து டீக்கடைச் சுவரில் இருக்கிறது. மாதச் சந்தா கட்டினால் யாரும் வந்து அறுக்கலாம், இழைக்கலாம், துளை போடலாம். சொந்தமாக மெஷின் வாங்க முடியாதவர்கள், வாங்கினாலும் வைக்க வீட்டில் இடமில்லாதவர்கள், இடமிருந்தும் மனைவி சம்மதிக்காதவர்கள் என்று உறுப்பினர்கள் மூன்று வகைப்படுவர். நான் மூன்றாம் வகை.

தலைவர் கங்காதரன், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘பாதுகாப்பு’ என்ற சொல்லோடு வாழ்நாள் முழுக்கப் புழங்கியவருக்கு அதைப் பற்றித் தெரியாதது என்ன இருக்க முடியும்? அங்கே அவர் கேன்டீன் கணக்குதான் பார்த்தார் என்று சிலர் சொல்வது வெறும் வயிற்றெரிச்சல்.

எங்கள் பட்டறையின் செல்லப்பிள்ளை, பிளேனர். மேஜைக்கு நடுவே கத்தி பொருத்திய உருளை ஒன்று சுழலும். பலகையை அதன்மேல் தள்ளினால் வழவழவென்று இழைத்துக் கொடுத்துவிடும். விரலைத் தள்ளினாலும் அப்படியே செய்யும். அதற்கு ஆள் வித்தியாசம் தெரியாது. ஆகவே கத்தியின் மேல் மூடி இருக்க வேண்டும், தொளதொள உடையோடு கிட்டே போகக் கூடாது என்றெல்லாம் தலைவரே விதி எழுதி, ஃப்ளெக்ஸ் பேனராக அடித்து மாட்டினார். பேனரில் அவருடைய படம் சற்றுப் பெரிதாகிவிட்டதால் விதிகளைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்படும்.

அந்த ஆண்டு ‘பாதுகாப்பு வாரம்’ கொண்டாடுவதென்று செயற்குழு முடிவு செய்தது. முதல் நடவடிக்கையாகப் பிளேனருக்குப் பச்சை பெயின்ட் அடித்து, விழா முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று கயிறு கட்டினோம். ஆட்சேபம் ஒரே ஒருவரிடமிருந்து வந்தது. அவர்தான் தாட்சாயிணி.

மேனாம்பேட்டின் பழைய விவசாயக் குடும்பத்துப் பெண். ஏற்றுமதி கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்கான மர நாற்காலிகள் செய்கிறார். திருமுல்லைவாயிலில் ஒரு மழலையர் பள்ளி அவருக்கு முதல் பெரிய ஆர்டரைக் கொடுத்திருந்தது. திங்கட்கிழமை பள்ளி திறப்பு. நாற்காலிக் கால்கள் தயார்; உட்காரும் பலகைகள் மட்டும் இழைக்கப்படாமல் மூலையில் கிடந்தன.

“இன்னா சார், பாதுகாப்பு வாரம்னா வாரம் பூரா மெஷின கட்டிப் போட்ருவீங்களா?” என்று என்னிடம் வந்து நின்றார்.

“ஓடாத மெஷின்ல விபத்தே நடக்காதும்மா. அதுதான் உச்சபட்சப் பாதுகாப்பு” என்று விளக்கினேன்.

“அப்ப மெம்பருங்களையும் சேத்துக் கட்டிப் போட்ருங்க. சுத்தமா ஒண்ணியும் ஆவாது. திங்கக்கெயம நான் பலகைய தூக்கிக்கினு போயி புள்ளைங்களாண்ட காட்டறேன்.”

ஞாயிற்றுக்கிழமை விழா முடிந்ததும் மெஷினை அவருக்கே முதலில் தருவதாக வாக்களித்தேன். வாக்களிப்பது செயலாளரின் கடமைகளில் ஒன்று.

ஞாயிறு காலை பிளேனர் மணக்கோலத்தில் நின்றது. மஞ்சள், சந்தனம், குங்குமம், முழநீளச் சாமந்தி மாலை. நிறுத்தும் சிவப்புப் பொத்தான்தான் மெஷினிலேயே உருண்டையாக, லட்சணமாக இருந்தது. எனவே பெரிய பொட்டை அதன்மேல் வைத்து, மாலையை அதன்மேல் சரியவிட்டோம். தலைவர் ஒரு பலகையை இழைத்து விழாவைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. படம் எடுக்க வந்த செயற்குழு உறுப்பினர் சுலைமானிடம், மூடி கத்தியை மறைக்கிறது, கழற்றிவிடு என்றேன்.

“அண்ணாத்தே, மூடிய கழட்டிட்டு ஓட்டுனா ஒடம்புக்கு ஆவாது” என்றார் சுலைமான்.

“ஒரே ஒரு போட்டோவுக்குத்தானே? விதியெல்லாம் வேலை செய்யறவங்களுக்கு. இது விழா.”

மூடி கழன்றது. பிறகு தலைவருக்கு நான் பொன்னாடை போர்த்தினேன். அரக்கு நிறம், சரிகைக் கரை, இரண்டு பக்கமும் முழங்கால் வரை தொங்கும் குஞ்சம். அப்படியே அவர் பிளேனரை நோக்கி நடந்தார். கூட்டத்தில் இருந்து தாட்சாயிணி எழுந்தார்.

“சார், அந்தத் துண்ட எட்த்து வெச்சிட்டு மெஷினாண்ட போங்க!”

தலைவர் மைக்கிலேயே பதில் சொன்னார். “இது துண்டு இல்லம்மா, பொன்னாடை. விதியில தொளதொள உடைன்னுதான் நான் எழுதியிருக்கேன். பொன்னாடை உடை இல்ல, மரியாதை!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிளேனர் உறுமியது. தலைவர் பலகையை வைத்தார், குனிந்தார், சுலைமானின் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அந்த நேரத்தில் மரியாதையின் குஞ்சம் உருளைக்குள் போய்விட்டது. பின்னாலேயே சரிகைக் கரை போயிற்று. அதன் பின்னால் தலைவர் போகத் தொடங்கினார்.

நான் நிலைமையை உடனே புரிந்துகொண்டு, “தொழிலுக்குத் தலைவணங்கும் நம் தலைவர்!” என்று மைக்கில் அறிவித்தேன். மீண்டும் கைதட்டல். “ஐயோ” என்று தலைவர் சொன்னதை ஏற்புரையின் தொடக்கம் என்றே பலர் நினைத்தார்கள்.

தாட்சாயிணி நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். மாலையைப் பிய்த்து எறிந்து, பொட்டோடு சேர்த்துச் சிவப்புப் பொத்தானில் ஓங்கி அடித்தார். உருளை உடனே நிற்கவில்லை. தலைவரின் வலது கை கத்தியிலிருந்து அரைச்சாண் தூரத்தில் இருந்தது. ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்து, மறு கையால் ரிப்பன் வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பொன்னாடையைக் கழுத்தருகே நறுக்கினார். தலைவர் தரையில் உட்கார்ந்து தம் விரல்களை எண்ணினார். நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினார்.

தலைவர் சோடா குடித்து முடித்ததும், தாட்சாயிணியை முன்னால் நிறுத்தி வைத்து அவசரச் செயற்குழு கூடியது.

“யாரைக் கேட்டு மெஷினை நிறுத்தின?” என்றார் தலைவர்.

“கை போயிருக்கும் சார்.”

“கை என்னோடது. மானம் சங்கத்தோடது. காலரப் பிடிச்சு இழுத்ததை இந்த சுலைமான் வீடியோ எடுத்து குரூப்ல போட்டுட்டான். பூந்தமல்லியில இருந்து என் சம்பந்தி போன் பண்ணிச் சிரிக்கிறார்!”

“தலைவரே, அந்தப் பொண்ணு இல்லாங்காட்டி நீ இந்நேரம் ஆஸ்பத்திரில கீற” என்றார் சுலைமான்.

“அங்க இருந்தா அனுதாபமாவது கிடைச்சிருக்கும்.”

இந்த வாதத்தைச் செயற்குழு அப்படியே ஏற்றுக்கொண்டது. அனுமதியின்றி இயந்திரத்தை நிறுத்தியது, தலைமையைத் தரையில் அமர்த்தியது, மரியாதையைக் கத்தரித்தது ஆகிய குற்றங்களுக்காக உறுப்பினர் தாட்சாயிணியை ஒரு மாதத்துக்கு நீக்குவதென்று தீர்மானம் தயாரித்தேன். நடை நன்றாக வந்திருந்தது.

“சார், நாளைக்கு ஸ்கூல் தொறக்குது” என்றார் தாட்சாயிணி. குரல் முதல் முறையாக இறங்கியிருந்தது. “என்ன நீக்கிக்கோங்க. இன்னிக்கு ஒரு நாளு மட்டும் மெஷின உடுங்க. இழைக்காத பலகைல புள்ளைங்க குந்துனா சிலாம்பு ஏறும். ஆர்டர் போச்சுன்னா எனுக்கு வேற வேல இல்ல.”

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வாக்களித்தவன் நான், பொன்னாடை போர்த்தியவனும் நான். ஆகவே அவர் முகத்தைப் பார்க்காமல் தீர்மானத்தை வாசித்தேன். சுலைமான் எழுந்து வெளியே போய்விட்டதால் அது ஒருமனதாக நிறைவேறியது.

தலைவர் பேனாவை வாங்கினார். வலது கையால், கடைசி எழுத்தின் புள்ளி வரை நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தாட்சாயிணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லா வேல செய்யுது சார்” என்றார்.

பேனா அடுத்து என்னிடம் வந்தது. என் கையும் நன்றாகவே வேலை செய்தது.